தீர்வை வில்லை ஸ்கேன் ஆகாதபோது: எல்லையோரக் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஆயத்தீர்வை கட்டியதற்கு அடையாளமாக மதுப்பாட்டிலின் மூடியில் ஒட்டப்படும் தீர்வை வில்லைக்கு இப்போது தனி எண் உண்டு. அந்த எண்ணுக்குக் கணினியில் ஒரு வரலாறும் உண்டு. ஆலையில் ஒட்டப்பட்டது, பெட்டியில் அடைக்கப்பட்டது, கிடங்கிலிருந்து புறப்பட்டது, கடையில் இறங்கியது, பில் போடப்பட்டது என்று ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ஸ்கேன் செய்யச் செய்ய அந்த வரலாறு வளர்கிறது. இடையில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படியில் இருப்பவரின் திரை சிவப்பாகிவிடும். வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களில் சிவப்புத் திரைக்குக் கூடுதல் காரணங்களும் உண்டு. இங்கே ஒரே சாலையில், கூப்பிடு தூரத்தில், தமிழ்நாடு, கேரளம் என்ற இரண்டு மாநிலங்களின் ஆயத்தீர்வைச் சட்டங்களும் இரண்டு வகை வில்லைகளும் ஒன்றையொன்று அறியாத இரண்டு கணினிகளும் இயங்குகின்றன. கடை மேற்பார்வையாளர், கிடங்குப் பணியாளர், சோதனைச்சாவடியில் நிற்பவர் ஆகியோர் திரையில் தெரியும் அறிகுறியிலிருந்து காரணத்தை எட்டுவதற்காக இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது.

எந்த அறிகுறியானாலும் சோதிக்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் கருவி, பிறகு வில்லை, அதன் பின் பதிவு, கடைசியாகச் சரக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திரை சிவந்தவுடன் பாட்டில் போலி என்று முடிவு கட்டி, விற்பனையாளரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டு, மகஜர் எழுதும் வரை போன பிறகு, ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் பச்சை வருகிறது. அதே ஆட்கள் பச்சைத் திரையைக் கண்டால் வேறெதையும் பார்ப்பதில்லை. என் கணிப்பில் சிவப்பின் பெரும்பகுதி பதிவுக் கோளாறு. திறமையாகச் செய்த கள்ளச்சரக்கு பச்சையாகத்தான் வந்து நிற்கும்.

அறிகுறி: ஸ்கேனரில் எதுவுமே வரவில்லை

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பீர் பாட்டிலில் நீர் முத்து கோத்திருந்தால் கருவியால் படிக்க முடியாது. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாலே போதும், அழுத்தித் தேய்த்தால் அச்சு போய்விடும். ஹாலோகிராம் படலத்தில் குழல்விளக்கு நேராக விழுந்து கண்ணைக் கூச வைத்தாலும் படிக்காது. பாட்டிலைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மூடியின் வளைவில் வில்லை சுருங்கி ஒட்டியிருந்தால், கியூஆர் கட்டத்தின் மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய சதுரங்கள் முழுமையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். அந்தச் சதுரங்கள் தெரிந்தால், மற்ற இடத்தில் சிறிது அழிந்திருந்தாலும் பெரும்பாலும் படித்துவிடலாம். கியூஆர் குறியீட்டில் பிழை திருத்தத்துக்கு நான்கு நிலைகள் உள்ளன. அச்சிடும்போது தேர்ந்த நிலையைப் பொறுத்து 7 முதல் 30 விழுக்காடு வரையிலான சேதத்தை அது தாங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் படிக்கவில்லை என்றால், அருகில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கையால் உள்ளிடுங்கள். கையால் உள்ளிட எண்ணே இல்லாத வில்லை, அல்லது அந்த எண்ணும் கியூஆர் தரும் எண்ணும் வேறுவேறாக உள்ள வில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது கருவிக் கோளாறு இல்லை. அந்தப் பாட்டிலைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொரு எளிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். காலிப் பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டத்தில் தமிழ்நாட்டில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். நீலகிரியில் 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்குத் தனி ஸ்டிக்கர் உண்டு. கேரளத்திலும் 20 ரூபாய் வைப்புத்தொகையோடு 2025-இல் சோதனை முறையில் அப்படியொரு திட்டம் தொடங்கியது. அவசரத்தில் அந்த ஸ்டிக்கரைக் கருவியின் முன் காட்டிவிட்டு, ‘படிக்கவில்லை’ என்பவர்கள் குறைவில்லை.

அறிகுறி: ‘இப்படி ஓர் எண் இல்லை’ என்கிறது

இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். பெட்டியில் உள்ள மற்ற பாட்டில்களையும் சேர்த்துப் பார்த்தால் இவற்றைப் பிரித்தறிய முடியும். 180 மில்லி குவார்ட்டர் என்றால் பெட்டிக்கு 48, 375 மில்லி என்றால் 24, 750 மில்லி என்றால் 12. பெட்டியில் உள்ள எல்லாப் பாட்டில்களும் ‘இல்லை’ என்று வந்தால், பெரும்பாலும் ஆலையில் ஒட்டிய வில்லைகளைச் செயல்படுத்திய கோப்பு மையக் கணினிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். வில்லை அச்சாகி வழங்கப்பட்டுவிட்டால் மட்டும் அதற்கு உயிர் வந்துவிடாது. எந்தச் சரக்கின்மேல் ஒட்டப்பட்டது என்ற பதிவு ஏறிய பிறகே அது செல்லும். கிடங்குக்குத் தகவல் சொல்லி, பதிவு ஏறும் வரை அந்தப் பெட்டியை விற்பனைக்கு விடாமல் வைத்திருப்பதே சரியான வழி. ஒரு பெட்டிக்குள் ஒன்றிரண்டு பாட்டில்கள் மட்டும் ‘இல்லை’ என்று வந்தால் பார்வையைக் கணினியிலிருந்து பாட்டிலுக்குத் திருப்புங்கள்.

இணைப்பு இல்லாத நேரத்தில் கருவி தன்னிடம் உள்ள பழைய பட்டியலைப் பார்த்தும் ‘இல்லை’ என்று சொல்லும். நல்ல மென்பொருள் அப்போது ‘சரிபார்க்க முடியவில்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஒரே சிவப்பைக் காட்டும் கருவியை நான் குறையுள்ள கருவி என்றே சொல்வேன். திரையின் மூலையில் கடைசியாக ஒத்திசைத்த நேரம் இருந்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

நான்காவது காரணம் எல்லைக்கே உரியது. பாட்டில் அசல், வில்லையும் அசல், ஆனால் அது அடுத்த மாநிலத்து வில்லை. மனிதர் அருந்தும் மது சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. 2016-இல் வந்த 101-ஆவது அரசியலமைப்புத் திருத்தமே அப்படி வகுத்தது. எனவே தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறு, விலை வேறு, வில்லையும் வேறு. கேரளத்தில் அந்த மாநில அரசின் சி-டிட் நிறுவனம் நெடுங்காலமாகப் பாதுகாப்பு வில்லையைத் தயாரித்துத் தருகிறது; தமிழ்நாட்டின் வில்லை வேறு அமைப்பின்கீழ் வருகிறது. அங்கத்திய எண் இங்கத்தியக் கணினிக்குத் தெரியாது. அடுத்த மாநிலத்து வில்லை என்பதால் அதைப் போலி என்று எழுதுவது தவறு. அசல் வில்லை என்பதால் விட்டுவிடுவதும் தவறு. இந்த மாநிலத்தில் தீர்வை கட்டாத சரக்கு என்பதே அதற்குச் சரியான விவரம். புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த மாஹியில் வாங்கிய பாட்டில் கேரளத்துக்குள் வந்தாலும் இதே கணக்குத்தான். பாட்டிலின் பெயர்ச்சீட்டில் எந்த மாநிலத்தில் விற்பனைக்கு உரியது என்று அச்சிட்டிருக்கும். ஸ்கேன் செய்யும் முன்பே அதைப் படித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அறிகுறி: ஏற்கெனவே விற்றதாகக் காட்டுகிறது

கையில் இருக்கும் முழுப் பாட்டிலை ‘விற்றாயிற்று’ என்று கணினி சொன்னால் அந்த எண்ணின் வரலாற்றைத் திறந்து, எந்தக் கடையில், எந்த நேரத்தில் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். அதே கடை, அதே நிமிடம் என்றால் இருமுறை ஸ்கேன் ஆகியிருக்கிறது அல்லது வாடிக்கையாளர் மாற்றிக் கேட்டபோது பில்லை ரத்து செய்யாமல் வேறு பாட்டிலைக் கொடுத்திருக்கிறார்கள். அதே கடை, வேறு நாள் என்றால் முந்தைய ஷிப்டில் ஏதோ தவறியிருக்கிறது. வேறு ஊர் என்றால் விஷயம் கனமானது. காலையில் பாறசாலையில் விற்ற எண் மதியம் சித்தூர்த் தாலுகாவில் அலமாரியில் இருந்தால் இரண்டில் ஒன்று நகல். எது நகல் என்பதைக் கணினி சொல்லாது; முதலில் ஸ்கேன் ஆனதுதான் அசல் என்று கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. போலியை முதலில் விற்றுவிட்டால் அசல் பாட்டில் வைத்திருப்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

கியூஆர் குறியீட்டை யார் வேண்டுமானாலும் படம் எடுத்து அச்சிடலாம் என்பதால், வில்லையில் நகலெடுக்க முடியாத ஒரு கூறு தேவைப்படுகிறது: சாய்த்தால் மாறும் ஹாலோகிராம், புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் மை, பிரித்தால் கிழிந்துபோகும் அடித்தாள். எண்ணையும் இந்தக் கூறுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் சோதனை முடிந்ததாகும். கிடங்கிலும் சோதனைச்சாவடியிலும் ஒரு சிறிய புற ஊதா டார்ச் எப்போதும் இருக்க வேண்டும். அது இல்லாமல் விலையுயர்ந்த ஸ்கேனர் மட்டும் இருந்து பயனில்லை.

பொதுமக்கள் தம் கைபேசியில் செய்யும் சோதனையை விற்பனையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆந்திராவில் 2025 அக்டோபரில் முலகலசெருவில் போலி மதுத் தயாரிப்புக் கூடம் பிடிபட்ட பிறகு, வாங்குபவரே பாட்டிலைச் சோதிக்க ‘சுரக்ஷா’ என்ற செயலியை அந்த மாநில அரசு கொண்டுவந்தது. இப்படிப்பட்ட செயலி உள்ள இடத்தில் ஒரே எண் பத்து முறை பார்க்கப்படுவது இயல்பு. பார்த்தது எத்தனை முறை, விற்றது எத்தனை முறை என்று வரலாறு தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

அறிகுறி: பெட்டிக் கணக்கும் பாட்டில் கணக்கும் ஒத்துப்போகவில்லை

கிடங்கில் இறங்கும்போது பெட்டியின் ஒரே குறியீட்டை ஸ்கேன் செய்கிறோம். அதற்குள் எந்தெந்தப் பாட்டில் இருக்கிறது என்பதை ஆலை சொன்னபடி கணினி நம்பிக்கொள்கிறது. இந்த நம்பிக்கை முறியும் இடம் பெரும்பாலும் ஆலையின் பொதி கட்டும் மேசையே. தரம் பார்ப்பவர் மூடி சரியில்லாத ஒரு பாட்டிலை வெளியே எடுத்து, பக்கத்தில் இருந்த இன்னொன்றைச் செருகிவிட்டு, கணினியில் பெட்டியைக் கலைத்து மறுபடி கட்டாமல் அனுப்பிவிடுவார். அதன் பின் ஒரே நேரத்தில் இரண்டு பெட்டிகள் தவறாகின்றன: ஒன்றில் இருக்கக்கூடாத எண் இருக்கும், இன்னொன்றில் இருக்க வேண்டிய எண் இருக்காது.

எனவே ஒரு பெட்டி மட்டும் சிக்கல் காட்டும்போது அதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், அதே தொகுதியில் அதற்கு முன்னும் பின்னும் கட்டிய பெட்டிகளையும் திறந்து பாருங்கள். ஒன்றில் மிகுந்த எண் மற்றொன்றில் குறைந்த எண்ணாக இருந்தால் இடம் மாறியிருக்கிறது. இரண்டு பெட்டிகளையும் கலைத்து மறுபடி கட்டினால் தீரும். குறை மட்டும் இருந்து மிகை எங்கும் இல்லை என்றால் வழியில் பாட்டில் எடுக்கப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்து, உள்ளே சில எண்கள் மட்டும் எந்தப் பதிவிலும் இல்லை என்றால் அசலை எடுத்துவிட்டு வேறு சரக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இந்த மூன்றில் கடைசியே பெரிய குற்றம்; ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கிடங்கில் அகப்படாமல் போவதும் அதுதான்.

உடைந்த பாட்டில்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வழியில் உடைந்தவற்றைச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, ‘உடைவு’ என்று மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதுவது வழக்கமாக இருக்கிறது. அப்படிச் செய்தால் அந்த வில்லைகளின் எண்கள் கணினியில் உயிரோடு இருக்கும், விற்காத சரக்காக. கள்ளச்சரக்குக்காரனுக்கு இதைவிட வசதியான பொருள் கிடைக்காது. கழுத்தோடு வில்லையை எடுத்து வைத்து, ஒவ்வோர் எண்ணையும் உடைந்ததாக முடித்துவைத்த பிறகே அழிக்க வேண்டும். வில்லைச் சுருளில் ஒட்டும்போது கிழிந்துபோனவற்றுக்கும் ஆலையில் இதே விதி.

அறிகுறி: லாரி இங்கே நிற்கிறது, திரையில் வேறு மாநிலம்

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது வாளையாரில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடி வேலை முடிந்துபோனது. ஆயத்தீர்வைச் சோதனை தொடர்கிறது. அங்கே ஸ்கேன் செய்யும்போது கருவி இருப்பிடத்தையும் சேர்த்து எழுதுகிறது. செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்காத கூரையின்கீழ், கருவி அருகில் உள்ள செல்போன் கோபுரத்தை வைத்து இடத்தைக் கணிக்கும். அந்தக் கோபுரம் எல்லைக்கு அப்பால் இருந்தால் கேரளத்தில் நிற்கும் லாரி தமிழ்நாட்டில் இருப்பதாகப் பதிவாகும். வழி தவறிய வாகனம் என்று எச்சரிக்கை எழுந்தால் கருவியைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய் மறுபடி ஸ்கேன் செய்து, இரண்டு பதிவுகளையும் வைத்திருங்கள். முதல் பதிவை அழிக்காதீர்கள். போக்குவரத்துப் பெர்மிட்டின் நேரம் இன்னும் தொடங்கவில்லை என்று காட்டினால் கருவியின் கடிகாரத்தைப் பாருங்கள். மின்கலம் முற்றிலும் தீர்ந்து மீண்ட கருவிகளில் தேதி பின்னே போயிருக்கும்.

அறிகுறி: எல்லாம் பச்சை, ஆனாலும் மனத்துக்கு ஒப்பவில்லை

கருவி ‘சரி’ என்று சொன்னதும் பலர் திரையை மூடிவிடுகிறார்கள். அந்தத் திரையிலேயே பெயர், அளவு, தொகுதி எண், தயாரித்த தேதி ஆகியவை இருக்கும். அவற்றைக் கையில் இருக்கும் பாட்டிலோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். பதிவில் மலிவான பிராந்தி என்றும் கையில் விலை கூடிய விஸ்கி என்றும் இருந்தால் வில்லை வேறொரு பாட்டிலிலிருந்து வந்திருக்கிறது. அளவு மட்டும் மாறியிருந்தாலும் அப்படித்தான்.

விவரம் எல்லாம் பொருந்தினால் வில்லையின் ஓரங்களைப் பாருங்கள். திறந்தால் கிழியும்படி மூடிக்கும் கழுத்துக்கும் குறுக்கே ஒட்டப்பட்டது அது. முழுதாக இருந்துகொண்டே ஓரத்தில் பசை கசிந்திருந்தாலோ, ஊசி நுழைந்த அளவுக்கு மூடியில் துளை இருந்தாலோ, மூடியின் வளையம் தளர்ந்திருந்தாலோ, அதே பெட்டியின் மற்ற பாட்டில்களைவிட நிரப்பிய மட்டம் ஏறியிறங்கி இருந்தாலோ, அசல் வில்லையோடு மறுபடி நிரப்பிய சரக்கு அது என்று சந்தேகிக்கக் காரணம் போதும். பார்களில் பாட்டிலைத் திறந்தவுடன் வில்லையைக் கிழித்துவிடும் பழக்கம் இருந்தால் இந்தத் தொழிலில் பாதி படுத்துவிடும்.

அடுத்த படி மாதிரி எடுப்பது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உயிர் சம்பந்தப்பட்டது. மிதவைமானியால் சாராயத்தின் வலிமையை அளந்து ‘அளவு சரி, குடிக்கத் தகுந்தது’ என்று சிலர் முடிவு சொல்கிறார்கள். எத்தனாலின் அடர்த்தியும் மெத்தனாலின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே, இரண்டும் 0.79-ஐ ஒட்டியவை, மிதவைமானியால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. வில்லையாலும் முடியாது. முத்திரையிட்ட மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, வாயு நிறப்பகுப்பாய்வு செய்த பிறகே மெத்தனால் இல்லை என்று சொல்லலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அது பாக்கெட்டில் விற்கப்பட்டது, அதன்மேல் எந்த வில்லையும் இல்லை. ஸ்கேன் செய்யும் முறை எவ்வளவு முன்னேறினாலும் வில்லையே இல்லாத சரக்கை அது பிடிக்காது. அதற்குப் பழைய முறையில் ஆள் நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: நாள் முடிவில் கணக்கு இடிக்கிறது

கடை அடைக்கும்போது கணினியில் மிகுந்தும் அலமாரியில் குறைந்தும் சரக்கு இருந்தால், முதலில் ஸ்கேன் ஆன நேரங்களை வரிசைப்படுத்துங்கள். மாலை முழுவதும் ஒன்றும் இல்லாமல் கடைசி அரை மணியில் நூற்றுக்கணக்கான எண்கள் அடுக்கடுக்காக வந்திருந்தால், கூட்டத்தில் ஸ்கேன் செய்யாமல் விற்றுவிட்டு, பிறகு பில்லுக்கு ஏற்ற எண்ணிக்கையில் கையில் கிடைத்த பாட்டில்களைக் காட்டியிருக்கிறார்கள். விற்ற எண் ஒன்று, பதிவான எண் வேறு என்றாகிவிட்டதால், அலமாரியில் நிற்கும் பாட்டில்கள் நாளை ‘ஏற்கெனவே விற்றது’ என்று சிவக்கும். மேலே சொன்ன இரட்டை எண் சிக்கலில் பெரும்பங்கு இங்கிருந்துதான் பிறக்கிறது.

விற்பனையாளர்களை மட்டும் நோவது நியாயம் ஆகாது. கேரளத்தில் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி மதுக்கடைகளுக்கு விடுமுறை; அதற்கு முந்தைய மாலையில் கேரளக் கடைகளிலும், 1-ஆம் தேதியில் பொள்ளாச்சிப் பக்கம் எல்லையை ஒட்டிய கடைகளிலும் வரிசை நீளும். அந்த வரிசைக்கு முன்னால், ஒரு பாட்டிலுக்கு ஐந்தாறு நொடி சுழலும் கருவியோடு நிற்பவர் குறுக்குவழியைத் தேடத்தான் செய்வார். இணைப்பு இல்லாமலும் எண்ணை வாங்கி வைத்துப் பிறகு அனுப்பும் வசதி கருவியில் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்யாமல் விற்க நேர்ந்தால் காரணத்தைத் தேர்ந்தெடுத்து விற்கும் பொத்தானும் இருக்க வேண்டும். அந்தப் பொத்தானை ஒருவர் எத்தனை முறை அழுத்தினார் என்ற கணக்கு, அது இல்லாததால் நடக்கும் பொய் ஸ்கேன்களைவிட எவ்வளவோ பயனுள்ளது. அதேபோல, 1-ஆம் தேதி விற்பனை எகிறியது என்பதற்காக எல்லைக் கடையை முறைகேட்டுப் பட்டியலில் சேர்க்கும் மென்பொருளுக்குக் கேரளத்து நாட்காட்டியையும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அறிகுறி: சிகரெட் பெட்டியில் ஸ்கேன் செய்ய ஒன்றுமே இல்லை

இது கோளாறு அன்று. நம் கடைகளில் விற்கும் சிகரெட் பெட்டியில் மதுப்பாட்டிலில் உள்ளதைப் போன்ற தீர்வை வில்லை இருந்ததில்லை. புகையிலைப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்தை ஒழிப்பதற்கான உலக நெறிமுறை 2012-இல் சியோலில் ஏற்கப்பட்டு, 2018 செப்டம்பர் 25-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அந்த ஆண்டு ஜூனிலேயே அதில் இணைந்துவிட்டது. பெட்டிகளைத் தடம் பின்பற்றும் அமைப்பை அந்த நெறிமுறையின் 8-ஆவது பிரிவு கோருகிறது. அந்தப் பொறுப்பைப் புகையிலை நிறுவனங்களிடமே ஒப்படைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில் 148ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அரசு குறிப்பிடும் பொருள்களுக்குத் தனித்த அடையாளக் குறியைக் கட்டாயமாக்க வழி செய்தது. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் அல்லது அந்தச் சரக்குக்குரிய வரியில் 10 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அது அபராதம்.

சிகரெட்டில் குறி வரும் நாளில் நம் பெட்டிக்கடைகளில் ஒரு சிக்கல் உடனே எழும். இங்கே சிகரெட் பெட்டியாக விற்பதைவிட ஒன்றிரண்டாக உதிரியாக விற்பதே அதிகம். பெட்டியில் ஒட்டிய குறி கடைக்காரர் பெட்டியைத் திறந்தவுடன் வேலையை முடித்துக்கொள்ளும். ஆகவே அந்த இடத்தில் சோதனையைக் கடையில் தேடாமல், கடைக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரியின் கிடங்கில் தேட வேண்டும். இன்றைக்குக் கையில் உள்ள சோதனை கண்ணால் பார்ப்பதுதான்: பெட்டியின் முன்னும் பின்னும் 85 விழுக்காடு பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும், புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் 1800-11-2356 என்ற எண் இருக்க வேண்டும், அதிகபட்ச விற்பனை விலையும் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பெட்டியைப் பிரிக்காமல், வெளி அட்டையோடும் வாங்கிய பில்லோடும் சேர்த்து எடுத்து வைத்து, சரக்கு மற்றும் சேவை வரி அலுவலகத்துக்கோ சுங்கத்துறைக்கோ எழுத்தில் தெரிவியுங்கள்.